அமைதிப்படைக்குப் போய்வந்தவர்களின் நினைவைப் பதிவு செய்யும் முறை: நெல்லைச் சீமை ஊர்களுக்காக

1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மறுநாளே அமைதிப்படை என்ற பெயரில் இந்தியப் படை யாழ்ப்பாணத்துப் பலாலியில் இறங்கியது. அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு சண்டை மூண்டது. 1990 மார்ச் 24 அன்று கடைசிப் பிரிவு திருகோணமலையில் கப்பலேறியது. இடைப்பட்ட காலத்தில் 1,100க்கும் அதிகமான இந்திய வீரர்கள் உயிரிழந்தார்கள். ஈழத்துப் பொதுமக்களும் ஏராளமாகச் செத்தார்கள். தமிழ்நாட்டில் அந்தச் சண்டையை மனதார ஆதரித்தவர்கள் குறைவு. அன்று இருபது வயதில் போன ஜவானுக்கு இப்போது அறுபதை ஒட்டி வயது. சுபேதாராகப் போனவர்கள் எண்பதைத் தொட்டுவிட்டார்கள். ஆகவே தள்ளிப்போட நேரமில்லை.

தொடங்கும் முன் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். பட்டாளத்துக்குப் போனவரை மட்டும் பதிவு செய்தால் பாதிதான் கிடைக்கும். அவர் லீவில் வந்தபோது டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள், வீட்டில் தந்திக்குப் பயந்துகொண்டிருந்த மனைவி, அதே தெருச் சுவரில் ஈழ ஆதரவுச் சுவரொட்டி ஒட்டிய வாலிபர் என எல்லோரும் ஒரே ஊரில் இருந்தார்கள். பல இடங்களில் ஒரே வீட்டில் இருந்தார்கள். ஒரு வீரருக்குக் குறைந்தது இரண்டு ஊர்க்காரர்கள் என்ற கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும்.

முதலில் காகிதம், பிறகு பேச்சு

பேட்டிக்கு ஒரு வாரம் முன்பே போய், படையிலிருந்து விலகும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் பாருங்கள். சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, பதக்கங்கள் எல்லாம் அதில் இருக்கும். இலங்கையில் பணியாற்றியவர்களுக்கு ‘ஸ்ரீலங்கா’ என்று பொறித்த பட்டையோடு சிறப்புச் சேவைப் பதக்கம் உண்டு. பதக்கத்தின் விளிம்பைச் சாய்த்துப் பார்த்தால் எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். வீட்டார் ஆசையாகப் புளி போட்டுத் தேய்க்க வருவார்கள். தடுத்துவிடுங்கள், தேய்க்கத் தேய்க்க அந்த எழுத்துத்தான் முதலில் அழியும்.

புத்தகம் தொலைந்திருந்தால் அந்தந்தப் படைப்பிரிவின் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கு அவரே, அல்லது அவருக்குப் பின் மனைவி எழுத வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு வெலிங்டன், பொறியியல் படையான சாப்பர்களுக்குப் பெங்களூரு, பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு, தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், வண்டியும் கருவியும் பழுதுபார்க்கும் இ.எம்.இ.க்குச் செகந்திராபாத், மருத்துவப் படைக்கு லக்னோ. நெல்லைக்காரர் என்றால் மெட்ராஸ் ரெஜிமென்ட் என்று முடிவுகட்டிவிட்டு வெலிங்டனுக்கு எழுதி மாதக்கணக்கில் காத்திருப்பது அடிக்கடி நடக்கும் தவறு. டிரைவர், சமையல்காரர், நர்சிங் உதவியாளர், ஒயர்லெஸ் ஆள் எனப் பல பிரிவுகளிலும் நம் ஊர்க்காரர்கள் இருந்தார்கள். வழி தெரியவில்லை என்றால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்கலாம்.

பழைய காகிதத்தில் மாவட்டப் பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். தூத்துக்குடி 1986இல் பிரிந்து சிதம்பரனார் மாவட்டம் ஆனது. மிச்சம் இருந்தது நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் என்று வழங்கியது. 1997இல் அந்தப் பெயர்கள் நீங்கின. தென்காசி தனியானது 2019இல்தான். எனவே செங்கோட்டைக்காரரின் அன்றைய முகவரியில் கட்டபொம்மன் இருந்தால் அது சரிதான். திருத்தாமல் அப்படியே குறியுங்கள்.

கடிதங்கள்தான் பெரும் புதையல். இன்லேண்டு கடிதத்தில் முகவரி ‘56 ஏ.பி.ஓ.’ என்றோ ‘99 ஏ.பி.ஓ.’ என்றோ முடியும். ஏ.பி.ஓ. என்பது இராணுவத் தபால் நிலையம். எந்த ஊரிலிருந்து எழுதினார் என்று அதிலிருந்து தெரியாது. தேதியும் தபால் முத்திரையும்தான் துணை. மடிப்பு மாறினால் வரிசை கெட்டுவிடும். ஆகவே பிரித்ததும் இரண்டு பக்கத்தையும் 400 டி.பி.ஐ.யில், வண்ணத்தில் ஸ்கேன் செய்யுங்கள். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் நீலத்தாளில் மங்கிய பால்பாயிண்ட் மை காணாமல் போகும். புகைப்படத்துக்கு 600, பாஸ்போர்ட் அளவுப் படத்துக்கு 1,200. லேமினேஷன் கூடவே கூடாது. சூட்டில் ஒட்டியது திரும்பப் பிரியாது. ஆல்பத்தின் பசைத்தாளில் ஒட்டிப்போன படத்தை நகத்தால் கிள்ளாமல், இரண்டு கையாலும் பிடித்த மெல்லிய நூலை அடியில் விட்டு ரம்பம் போல மெதுவாக இழுங்கள். வரவில்லை என்றால் ஆல்பத்தோடு வைத்தே ஸ்கேன் எடுங்கள். படத்தின் பின்னால் பெயர் எழுத 2பி பென்சில் போதும். பேனா மை முன்பக்கம் ஊறும். இராமபாணப் பூச்சிக்குப் பயந்து அந்துருண்டையைக் கடிதத்தின் மேலேயே போட்டு வைக்காதீர்கள். துணியில் முடிந்து பெட்டியின் மூலையில் வைத்தால் போதும்.

ஒலிப்பதிவு

விலை உயர்ந்த கருவி வேண்டாம். கைபேசியும் சட்டைக் காலரில் குத்தும் சிறு மைக்கும் போதும். வாயிலிருந்து ஒரு சாண் தூரம். வேவ் கோப்பு, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ என்று அமைத்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 520 எம்.பி. ஆகும். நாலு ஜி.பி. இடம் காலியாக இருக்கட்டும். கைபேசியை விமானப் பயன்முறையில் போடுங்கள். நடுவில் அழைப்பு வந்தால் பல கைபேசிகளில் பதிவு நின்றுவிடும்; பேசுகிறவர் அழுதுகொண்டிருக்கும்போது ‘திரும்பச் சொல்லுங்க’ என்று கேட்க முடியாது.

பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் என்றால் ஆனி, ஆடியில் திண்ணையில் வைத்து எடுக்காதீர்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று மைக்கில் மோதி பேச்சையே விழுங்கிவிடும். உள்ளறையில் ஃபேனை நிறுத்தி, அரை மணிக்கு ஒருமுறை இடைவேளை விட்டு, அப்போது மட்டும் ஃபேனைப் போடுங்கள். முக்கூடல், ஆலங்குளம் வட்டாரத்தில் பெண்கள் பீடி சுற்றிக்கொண்டே பேசுவார்கள். கத்திரிச் சத்தம் விழும் என்று வேலையை நிறுத்தச் சொல்லாதீர்கள். கை ஓடினால்தான் பேச்சு ஓடும், கூலியும் கெடாது. மைக்கைச் சுளகிலிருந்து தள்ளி, தோள்பட்டையில் குத்துங்கள்.

யாரை, எப்படி உட்காரவைப்பது

தனித்தனியாக. சங்கக் கூட்டத்தில் எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்தால் பெரிய பதவியில் இருந்தவர் பேசுவார், நாயக் போன்ற கீழ்ப்பதவிக்காரர் தலையாட்டுவார். விலகி முப்பது ஆண்டு ஆனாலும் அந்த மரியாதை போகாது. வீட்டிலும் மகன் இடையில் புகுந்து பதில் சொல்வார். அவருக்கு வேறு வேலை கொடுத்து அனுப்புங்கள். ‘அண்ணாச்சி’ என்றோ ‘ஐயா’ என்றோ பேச்சைத் தொடங்கலாம். வயதான பெண்களிடம் ‘ஆச்சி’. ‘சார்’ போட்டால் விசாரணைக்கு வந்தவர் போல ஆகிவிடும்.

பேசும் முன் ஒரு பக்க ஒப்புதல் கடிதத்தைத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். இப்போதே வெளியிடலாம், பெயர் மறைத்து வெளியிடலாம், என் காலத்துக்குப் பிறகு வெளியிடலாம் என்று மூன்று வழி இருக்கட்டும். முப்பது நாளுக்குள் மனம் மாறினால் திரும்பப் பெறலாம் என்றும் எழுதுங்கள்.

கேள்விகள்

‘மக்கள் உங்களை எதிர்த்தாங்களா?’ என்று கேட்டால் ‘ஆமா’, ‘இல்ல’ என்று முடிந்துவிடும். அதோடு, கேட்பவர் எந்தக் கட்சி என்று மோப்பம் பிடித்து அதற்கேற்பப் பதில் சொல்வார்கள். நடந்த காரியத்தைக் கேளுங்கள்:

‘லீவுல வந்தப்ப யூனிஃபார்மோட பஸ் ஏறினீங்களா, சாதா டிரெஸ்ஸா?’
‘டீக்கடையில யாரு முதல்ல பேச்சு கொடுத்தா? என்ன கேட்டாவ?’
‘அங்க உள்ள சனங்க உங்க தமிழைக் கேட்டதும் என்ன சொன்னாங்க?’
‘யூனிட்ல தமிழ் தெரிஞ்ச ஆளுன்னு உங்களை எதுக்கெல்லாம் கூப்பிட்டாங்க?’

கடைசி இரண்டு கேள்விகளும் மிக முக்கியமானவை. பல பிரிவுகளில் தமிழ் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவே. சோதனைச் சாவடியில் பேசியது, வீட்டுக் கதவைத் தட்டியதும் சொன்ன முதல் வார்த்தை எல்லாம் அவர்கள் வாயிலிருந்தே வந்தன. அந்தப் பாரத்தை அவர்கள் வீட்டிலும் இறக்கிவைத்ததில்லை.

ஊர்க்காரர்களிடம்: அப்போது இரவில் எந்த வானொலி கேட்டீர்கள்? இலங்கை வானொலியா, லண்டன் தமிழோசையா, திருநெல்வேலி நிலையமா? கடையடைப்பு நடந்தபோது யார் கதவை இழுத்துச் சாத்தினார்கள்? வீட்டுக்குக் கொழும்பு உறவு உண்டா? கொழும்பில் கடை வைத்தவர்கள், தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்கள் இந்தப் பக்கம் நிறைய. அவர்கள் கோபமும், அகதி முகாமுக்கு அரிசி கொடுத்துவிட்டவர்களின் கோபமும் ஒன்றல்ல. பட்டாளத்துக்காரரின் மனைவியிடம் தந்தியைப் பற்றிக் கேளுங்கள். தந்திச் சேவகர் சைக்கிளை எந்த வீட்டு வாசலில் நிறுத்துவார் என்று தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது.

தேதி வழுக்கும் இடம்

இந்த வேலையில் பெரிய பிழைகள் இங்கேதான் வருகின்றன. 1987இல் நினைத்தது, 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பின் நினைத்தது, 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலைப் பார்த்தபின் நினைத்தது ஆகிய மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கும். ‘அப்பவே நாங்க அமைதிப்படையை எதிர்த்தோம்’ என்பவரும் ‘அப்பவே புலிகளைப் பிடிக்காது’ என்பவரும் பொய் சொல்வதில்லை. பின்னால் வந்த நினைப்பு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான். ஆண்டைக் கேட்காதீர்கள், ஆணி அடிக்கும் நிகழ்வைக் கேளுங்கள். 1987 தீபாவளி அக்டோபர் 21 அன்று வந்தது. யாழ்ப்பாணத்தில் சண்டை உச்சம். அந்தத் தீபாவளிக்கு வீட்டில் என்ன செய்தார்கள்? டிசம்பர் 24 அன்று எம்.ஜி.ஆர். இறந்த செய்தி எங்கே கிடைத்தது? 1989 ஜனவரித் தேர்தலுக்கு ஓட்டுப் போட்டீர்களா? 1992 நவம்பரில் தாமிரபரணி வெள்ளத்துக்கு முன்பா, பின்பா?

திரும்பி வந்த நாளைப் பற்றியும் இதே எச்சரிக்கை தேவை. 1990 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கியவர்களை வரவேற்க அன்றைய முதலமைச்சர் கருணாநிதி செல்லவில்லை. அது ஊரறிந்த செய்தியாகிவிட்டதால், 1989லேயே வந்துவிட்டவர்களில் சிலரும் அந்தக் கப்பலில் தாங்கள் வந்ததாகச் சொல்லக்கூடும். டிஸ்சார்ஜ் புத்தகத்தோடும் கடிதத் தேதியோடும் ஒப்பிடுங்கள். பொருந்தவில்லை என்றால் அவர் பேச்சைத் திருத்தாமல், எழுத்துப்படியின் அடியில் ஒரு குறிப்புப் போடுங்கள். வராத கப்பலில் வந்ததாக ஒருவர் நினைப்பதே அந்த அவமானம் எவ்வளவு ஆழத்தில் இறங்கியது என்பதற்குச் சாட்சி.

ஒரு வரைபடம் கையில் இருக்கட்டும். ட்ரிங்கோ என்றால் திருகோணமலை. பலாலி, கோப்பாய், உரும்பிராய், சாவகச்சேரி, முல்லைத்தீவு, வவுனியா, மட்டக்களப்பு என்று விரலால் காட்டச் சொன்னால் மறந்த பெயரும் வந்துவிடும்.

கனத்த பேச்சு வந்தால்

கூட இருந்தவர் செத்தது, பொதுமக்கள் செத்தது, தானே செய்த காரியம் எதுவும் வரலாம். வற்புறுத்திக் கேட்கக் கூடாது. வந்தால் நிறுத்தவும் கூடாது. ‘அது போர்தானே அண்ணாச்சி’ என்று ஆறுதல் சொல்லி மூடிவிடாதீர்கள். நியாயத் தீர்ப்பும் சொல்லாதீர்கள். அவர் பேசி முடித்தபின், அந்தப் பகுதியை வெளியிடலாமா என்று மறுபடி கேளுங்கள். செத்தவர்களின் குடும்பம் அங்கே இன்னும் இருக்கிறது. அவர்கள் பெயரும் தெருவும் அடையாளம் தெரியாதபடி வெளிப்படியில் நீக்கப்பட வேண்டும். மாலை ஆறு மணிக்கு மேல் இந்தப் பேச்சைத் தொடங்காதீர்கள். இரவு முழுக்க அவர் தனியாகக் கிடந்து புரள்வார். மறுநாள் காலையில் கட்டாயம் போய்ப் பாருங்கள். தூக்கம் இல்லை, சாக வேண்டும் போலிருக்கிறது என்றால் அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலி மானஸில் தமிழில் பேசலாம்.

எழுத்துப்படி, சேமிப்பு

ஒரு மணி நேரப் பேச்சை எழுத ஆறிலிருந்து எட்டு மணி நேரம் ஆகும். ‘வந்தாவ’, ‘சொன்னாவ’ என்று வந்தால் அப்படியே எழுதுங்கள். லங்கர் (சமையற்கூடம்), ரோல்கால் (ஆள் எண்ணிக்கை), சாப் (ஐயா) போன்ற பட்டாளத்துச் சொற்களையும் மாற்ற வேண்டாம். கணினி தானாக எழுதித் தரும் படியில் நெல்லைப் பேச்சும் இந்திச் சொல்லும் சிதைந்துவிடும். ஒலியோடு ஒத்துப்பார்க்காமல் நம்பாதீர்கள். படை எண், பென்ஷன் ஆணை எண், வங்கிக் கணக்கு தெரியும் பக்கங்களை வெளியிடக் கூடாது. பென்ஷன்காரர்களைக் குறிவைக்கும் மோசடிக்காரர்களுக்கு அது போதும்.

கோப்புப் பெயரில் தேதி, ஊர், பகுதி எண் மூன்றும் இருக்கட்டும். மூன்று படி வையுங்கள். ஒன்று வேறு ஊரில். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் மையம் போன்ற இடங்களில் ஒரு படி வைக்க முடியுமா என்று கேளுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு டிஸ்கையும் திறந்து, இரண்டு கோப்புகளையாவது முழுதாகக் கேளுங்கள்.

குடும்பத்துக்குப் பென்டிரைவ் மட்டும் கொடுத்தால் அது அலமாரியில் கிடக்கும். எழுத்துப்படியைப் பெரிய எழுத்தில், 16 புள்ளி அளவில் அச்சடித்து, அவருக்கு நேரில் வாசித்துக் காட்டுங்கள். ஊர்ப் பெயர்களில் நாலைந்து திருத்தம் சொல்வார். மனைவி பக்கத்தில் இருந்தால், ‘இத நீங்க என்கிட்ட சொல்லவே இல்லயே’ என்று அவரும் பேசத் தொடங்கக்கூடும். மைக்கைப் பையில் தயாராக வைத்திருங்கள்.