இரத்தத்தின் பிஎச் 9.1 என்று வந்தபோது

வரலாற்றுப் பட்டதாரியான நான், பல ஆண்டுகள் வேலை பார்த்த பிறகு மருத்துவப் படிப்புக்குத் தயாராகிறேன். பயிற்சிக் கணக்குகளின் விடையைச் சரிபார்க்கப் பைத்தான் என்ற கணினி மொழியில் சிறு நிரல் எழுதி வைத்திருந்தேன். பைகார்பனேட் 24, கரைந்த கார்பன் டை ஆக்சைடு 1.2, இவற்றிலிருந்து பிஎச் (அமில-கார அளவு) கணக்கிடும் ஹெண்டர்சன்–ஹாசல்பால்க் சமன்பாட்டில் 6.1 என்ற மாறிலியுடன் 20 என்ற விகிதத்தின் மடக்கையைக் (லாக்) கூட்டினால் 7.4 வர வேண்டும். நிரலோ 9.1 என்றது. அந்த அளவில் மனிதர் உயிரோடு இருக்க முடியாது.

அலகுகளைப் பார்த்தேன், சரி. கரைதிறன் மாறிலி 0.03, அதுவும் சரி. அமில-காரப் பாடத்தை முதலிலிருந்து படித்தும் பயனில்லை. பல நாட்கள் வீணாயின. என்னைக் குழப்பியது இதுதான்: அமிலமும் உப்பும் சமமாக உள்ள கணக்குகளில் மட்டும் விடை பிசகாமல் வந்தது.

கடைசியில் விகிதத்தை 10 என்று வைத்துப் பார்த்தேன். ஒன்று கூட வேண்டிய இடத்தில் 2.303 கூடியது. அது 10-இன் இயல் மடக்கை, அதாவது e (சுமார் 2.718) என்ற அடிமானத்தில் எடுத்த மடக்கை! வேதியியல் நூலில் 'லாக்' என்றால் அடிமானம் 10. பைத்தானிலும் வேறு பல கணினி மொழிகளிலும் அதே பெயர் இயல் மடக்கையைக் குறிக்கிறது. 1-இன் மடக்கை எந்த அடிமானத்திலும் பூஜ்யம் என்பதால் சம விகிதக் கணக்குகள் தப்பித்தன. அறிவியல் படிக்காமல் வருபவர்கள் வேதியியலைத் தொடுமுன் மடக்கையைப் படித்துவிடுவது நல்லது என்பேன்.

'லாக்10' என்று மாற்றினேன், 7.40 வந்தது. ஹைட்ரஜன் அயனி லிட்டருக்கு 40 நானோமோல் என்று கொடுத்தும் சோதித்தேன், அதே 7.40. நிம்மதி.