குளுகுளு பழ ஜவ்வரிசி: முதல் முறை செய்பவர்களுக்கு

பால், பழம், ஜவ்வரிசி. இந்த மூன்றும் சரியாக அமைந்துவிட்டால் இந்த இனிப்புக்கு வேறு எதுவும் தேவையில்லை. அடுப்பு வேலை அரை மணி நேரம்தான், மிச்சத்தை ஃப்ரிட்ஜ் பார்த்துக்கொள்ளும். ஆனாலும் முதல் தடவை செய்பவர்கள் பலருக்கு இது கஞ்சியாகத்தான் வந்து நிற்கிறது. பழத்தின் மேலோ பாலின் மேலோ பழி போட முடியாது. பாயசத்துக்குச் செய்கிற பழக்கத்தில் ஜவ்வரிசியை நேராகப் பாலிலேயே போட்டு வேகவைத்துவிடுகிறார்கள், அங்கேதான் கெடுகிறது. பாயசத்துக்கு அந்தக் கொழகொழப்பு வேண்டும். இதற்கு வேண்டாம். இங்கே மணிகள் தனித்தனியாக, கண்ணாடி மாதிரி தெளிந்து, கடித்தால் லேசாக இழுபட வேண்டும்.

அதனால் ஜவ்வரிசி தண்ணீரில் வேகட்டும். பால் தனியாகக் குளிரட்டும். பழம் தனியாக இருக்கட்டும். மூன்றும் சில்லென்று ஆன பிறகு ஒன்றாகச் சேர்த்தால் போதும்.

தேவையானவை (4 பேருக்கு)

- சின்ன மணி ஜவ்வரிசி – 80 கிராம் (ஏறக்குறைய அரை கப்)
- ஜவ்வரிசி வேகவைக்கத் தண்ணீர் – ஒன்றரை லிட்டர்
- கொழுப்பு நீக்காத பால் – 400 மில்லி
- கண்டென்ஸ்டு மில்க் – 5 மேசைக்கரண்டி
- நன்றாகப் பழுத்த மாம்பழம் – 2 பெரியது
- வேறு பழங்கள், நறுக்கியது – ஒன்றரை கப்
- உப்பு – ஒரு சிட்டிகை
- சர்க்கரை – 1 மேசைக்கரண்டி

80 கிராம் ஜவ்வரிசியைப் பார்த்தால் நான்கு பேருக்கு எப்படிப் போதும் என்று தோன்றும். வெந்ததும் நன்றாக உப்பிவிடும், தைரியமாக அளவோடு நிறுத்துங்கள்.

எந்த ஜவ்வரிசி வாங்குவது?

ஜவ்வரிசி என்று பாக்கெட்டில் வருவது பெரும்பாலும் மரவள்ளிக்கிழங்கு மாவுச்சத்தை உருட்டிச் செய்தது. சேகோ பனை என்ற மரத்தின் தண்டுச் சோற்றிலிருந்து எடுப்பதும் உண்டு. இரண்டும் ஏறக்குறைய சுத்தமான மாவுச்சத்துதான், வேகவைக்கும் முறையும் ஒன்றுதான்.

நாம் கவனிக்க வேண்டியது மாவு ஜவ்வரிசியா, நைலான் ஜவ்வரிசியா என்பது. மாவு ஜவ்வரிசி வெள்ளை வெளேரென்று இருக்கும், சீக்கிரம் குழையும். நைலான் ஜவ்வரிசி லேசாக ஒளி ஊடுருவுகிற மாதிரி, கெட்டியாக இருக்கும், வெந்தாலும் உருவம் கலையாது. இந்த இனிப்புக்கு நைலான்தான் என் தேர்வு. மாவு ஜவ்வரிசிதான் கையில் இருக்கிறது என்றாலும் செய்யலாம், அடுப்புப் பக்கத்திலேயே நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

படி 1: பாலை முதலில் முடித்துவிடுங்கள்

குளிர அதிக நேரம் எடுப்பது பால். அதனால் வேலையை அங்கே தொடங்குங்கள். பாலைக் காய்ச்சி இறக்கி, சூடாக இருக்கும்போதே கண்டென்ஸ்டு மில்க்கையும் உப்பையும் சேர்த்துக் கலக்குங்கள். சூடு ஆறியதும் மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். இரண்டு மணி நேரமாவது உள்ளே இருக்கட்டும்.

இனிப்பைப் பார்க்கும்போது ஒன்று ஞாபகம் இருக்கட்டும். குளிர்ந்த உணவில் நாக்குக்கு இனிப்பு குறைவாகத்தான் தெரியும். வெதுவெதுப்பாக இருக்கும்போது 'சரியாக இருக்கிறது' என்று தோன்றினால், குளிர்ந்த பிறகு சப்பென்று இருக்கும். இந்தக் கட்டத்தில் இனிப்பு ஒரு படி தூக்கலாகவே இருக்கட்டும். அதற்காக அள்ளிக் கொட்டவும் வேண்டாம், பழத்தின் இனிப்பும் பின்னால் வந்து சேரும்.

தேங்காய்ப்பாலில் செய்ய விரும்பினால் 300 மில்லி கெட்டிப் பாலுடன் 100 மில்லி தண்ணீர் சேர்த்து லேசாகச் சூடாக்கினால் போதும். தளதளவென்று கொதித்தால் திரிந்துவிடும். ஃப்ரிட்ஜில் வைத்ததும் மேலே கொழுப்பு கட்டியாக ஏறி நிற்கும். அது கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை, வெளியே எடுத்துக் கலக்கினால் சேர்ந்துவிடும். மாம்பழத்துக்குப் பசும்பாலைவிட தேங்காய்ப்பால்தான் பொருத்தம் என்பது என் கட்சி.

படி 2: ஜவ்வரிசியை வேகவைப்பது

இங்கே மட்டும் அவசரப்படாதீர்கள்.

பெரிய பாத்திரமாக எடுத்து ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவிடுங்கள். குமிழ் தளதளவென்று எழும்பிய பிறகுதான் ஜவ்வரிசி உள்ளே போக வேண்டும். ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், மாவுச்சத்து தண்ணீரை உறிஞ்சி இறுகுவதற்கு 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் வரை சூடு வேண்டும். பச்சைத் தண்ணீரில் போட்டு மெல்லச் சூடாக்கினால், அந்தச் சூடு வருவதற்குள் மணியின் மேற்புறம் ஊறி உதிர்ந்து தண்ணீரில் கரைய ஆரம்பித்துவிடும். கொதிக்கிற தண்ணீரில் விழுந்தால் மேல்தோல் உடனே வெந்து இறுகி, மணியைப் பிடித்துக்கொள்ளும்.

தண்ணீர் நிறைய வைப்பதும் இதே காரணத்துக்காகத்தான். மணியிலிருந்து வெளியே வரும் மாவு அதிகத் தண்ணீரில் நீர்த்துப்போகும். குறைந்த தண்ணீரில் அதுவே பசையாகி எல்லாவற்றையும் ஒட்டவைத்துவிடும்.

சின்ன மணியை ஊறவைக்க வேண்டாம். மேலே ஒட்டியிருக்கும் மாவு போக வடிகட்டியில் போட்டு ஒரே ஒரு அலசு, உடனே பாத்திரத்தில் போட்டுவிடலாம். பெரிய மணி என்றால் அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஊறட்டும், அப்போதுதான் நடுப்பகுதி வரை சூடு போகும்.

போட்ட முதல் ஒரு நிமிடம் கரண்டியால் அடியிலிருந்து கிளறிக்கொண்டே இருங்கள். இல்லாவிட்டால் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் மிதமான தீயில், கொதி அடங்காமல், அவ்வப்போது ஒரு கிளறு போதும். சின்ன மணிக்கு 12 முதல் 15 நிமிடம் ஆகும். பெரிய மணிக்கு 20 நிமிடத்துக்கு மேலேயே ஆகலாம்.

பாக்கெட்டுக்குப் பாக்கெட்டு நேரம் மாறும் என்பதால் கடிகாரத்தை மட்டும் பார்க்காமல், ஒரு ஸ்பூனில் நாலு மணிகளை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். சுற்றிலும் தெளிந்து, நடுவில் மட்டும் கடுகைவிடச் சின்னதாக ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அடுப்பை அணைத்துவிடுங்கள். மூடி போட்டு 10 நிமிடம் அப்படியே விடுங்கள். அந்தச் சூட்டிலேயே வெள்ளைப் புள்ளி மறைந்துவிடும். புள்ளி முழுசாக மறையும்வரை கொதிக்கவிட்டால் உள்ளே வேகும்போது வெளியே குழைந்திருக்கும்.

மூடியைத் திறந்து பார்த்து இன்னும் பல மணிகளில் வெள்ளை தெரிகிறதா? மறுபடி இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டு மூடுங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரிந்தால் பரவாயில்லை.

படி 3: அலசுவது

ஓட்டை சின்னதாக இருக்கும் வடிகட்டியில் கொட்டி, குழாய்க்கு அடியில் பிடித்து, விரலால் மெல்லத் துழாவிக்கொண்டே குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள். வேகுவது அங்கேயே நிற்கும், மேலே இருக்கும் பசையும் போய்விடும். தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசலாம்.

நன்றாக வடிந்ததும் ஒரு கிண்ணத்தில் போட்டு, 1 மேசைக்கரண்டி சர்க்கரையை நாலு மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்து ஊற்றிக் கலந்து வையுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் பத்தே நிமிடத்தில் எல்லாம் ஒரே உருண்டையாகிவிடும். வெறும் தண்ணீரில் மூழ்க வைத்தாலும் ஒட்டாதுதான், ஆனால் ஊறி ஊறிச் சொதசொதப்பாகும்.

படி 4: பழம்

ஒரு மாம்பழத்தின் சதையை மிக்ஸியில் தண்ணீர் விடாமல் அரைத்துக்கொள்ளுங்கள். நார் இருந்தால் வடிகட்டுங்கள். இன்னொன்றைச் சின்னச் சதுரங்களாக நறுக்குங்கள். இந்த விழுதுதான் பாலுக்குக் கெட்டித்தன்மை கொடுக்கிறது, அதனால் சோளமாவு கரைத்து ஊற்றும் வேலையே வேண்டாம்.

மற்ற பழங்களில் எல்லாம் எல்லாவற்றோடும் சேராது. மாதுளை, திராட்சை, லிச்சி, விதை எடுத்த சப்போட்டா ஆகியவை எந்தத் தொல்லையும் தராதவை. ஆப்பிளும் வாழைப்பழமும் நறுக்கியதும் கறுக்கும். அவற்றைப் பரிமாறும்போது நறுக்குங்கள், அல்லது நறுக்கியதும் நேராகப் பாலுக்குள் போடுங்கள். தர்பூசணியும் கிர்ணிப்பழமும் தண்ணீர் விடும். சர்க்கரை சேர்ந்த பாலில் ஊறினால் இன்னும் அதிகமாக விட்டு, மொத்தத்தையும் நீர்த்துப்போகச் செய்யும். அவை கடைசி நிமிட விருந்தாளிகள்.

வேகவைக்காத அன்னாசி, கிவி, பப்பாளி மூன்றிலும் உஷார். இவற்றில் புரதத்தை உடைக்கிற நொதிகள் இருக்கின்றன. பாலில் கிடந்தால் பாலின் புரதத்தைப் பிரித்து, கொஞ்ச நேரத்தில் கசப்பு ஏறும். அன்னாசி போட்டே ஆக வேண்டும் என்றால், துண்டுகளைக் கொஞ்சம் சர்க்கரையோடு ஐந்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள். சூட்டில் அந்த நொதி செயலிழந்துவிடும். டின்னில் வரும் அன்னாசி ஏற்கெனவே சூடாக்கப்பட்டது என்பதால் நேராகவே போடலாம். ஆரஞ்சு, ஸ்ட்ராபெர்ரி மாதிரி புளிப்புப் பழங்களில் சிக்கல் வேறு: புளிப்பு பாலைத் திரிக்கும். இவற்றைக் கலக்காமல் மேலே தூவினால் போதும்.

சின்னக் குழந்தைகளுக்குக் கொடுப்பதாக இருந்தால் திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள். பெரிய மணி ஜவ்வரிசியைத் தவிர்த்துவிடுங்கள், வழுக்கிக்கொண்டு தொண்டையில் போய் அடைக்கக்கூடும்.

படி 5: சேர்ப்பது

குளிர்ந்த பாலில் மாம்பழ விழுதை ஊற்றிக் கலக்குங்கள். ஒரு வாய் சுவைத்துப் பார்த்து, இனிப்பு போதாவிட்டால் இன்னும் கொஞ்சம் கண்டென்ஸ்டு மில்க் விடலாம். சர்க்கரையாகப் போட்டால் குளிர்ந்த பாலில் கரைய அடம்பிடிக்கும். அப்புறம் ஜவ்வரிசி, அதன் பிறகு நறுக்கிய பழம். கிண்ணங்களில் ஊற்றி அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் சாப்பிடத் தயார்.

ஏலக்காய்? போடலாம், ஆனால் மாம்பழ வாசனையை அது அமுக்கிவிடும். வெறும் சப்போட்டா, வாழைப்பழம் வைத்துச் செய்யும்போது வேண்டுமானால் ஒரு சிட்டிகை சேருங்கள்.

எவ்வளவு நேரம் முன்னால் செய்து வைக்கலாம்?

செய்த மூன்று நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட்டால் சுவை உச்சத்தில் இருக்கும். வெந்த மாவுச்சத்து குளிரில் கிடக்கக் கிடக்க மறுபடி இறுக ஆரம்பிக்கும். பழைய சோறு ஃப்ரிட்ஜில் விறைப்பதும் இதனால்தான். மறுநாள் பார்த்தால் மணிகள் வெளுத்து, நடுவில் ரப்பர் மாதிரி ஆகியிருக்கும். ராத்திரி விருந்துக்கு முந்தின நாளே தயாராக வேண்டும் என்றால் பாலையும் மாம்பழ விழுதையும் மட்டும் முன்னதாகச் செய்துகொள்ளுங்கள். ஜவ்வரிசியை அன்றைக்கே வேகவைக்கலாம்.

ஃப்ரீசர் பக்கமே போகாதீர்கள், உருகும்போது மணி உதிர்ந்துவிடும். பால் இருப்பதால் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கவும் கூடாது. கடும் வெயில் நாளில் ஒரு மணி நேரமே அதிகம்.

ஏதாவது சொதப்பினால்

மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டால் கத்தி, கரண்டி எதுவும் வேண்டாம். குளிர்ந்த தண்ணீரில் போட்டு விரலால் உதிர்த்தால் பிரியும்.

ஃப்ரிட்ஜில் இறுகிப்போன ஜவ்வரிசி இன்னும் பாலில் கலக்காமல் தனியாக இருந்தால், கொதிக்கும் தண்ணீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்து, குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள். மீண்டும் மெத்தென்று ஆகும்.

கலந்து வைத்த பிறகு ரொம்பக் கெட்டியாகத் தெரிந்தால் குளிர்ந்த பால் கொஞ்சம் விட்டு இளக்குங்கள். தண்ணியாக இருந்தால் இன்னும் கொஞ்சம் மாம்பழ விழுது சேர்த்தால் சரியாகும்.

எல்லாம் குழைந்து கஞ்சியாகவே ஆகிவிட்டால் அதை மணிமணியாக மாற்ற வழி கிடையாது. பழம், பாலோடு சேர்த்து மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றி, நாலு ஐஸ் கட்டி போட்டு டம்ளரில் ஊற்றிக் கொடுங்கள். கெட்டியான மாம்பழ மில்க்‌ஷேக் என்றே குடித்துவிடுவார்கள்.