பழவேற்காட்டுச் சேற்றுப்புழுவில் இரத்த ஓட்டத்தைக் காண்பது எப்படி?

ஆந்திர எல்லையை ஒட்டிய பழவேற்காடு ஏரி முகத்துவாரத்தில், நீர் வற்றியதும் ஈரச் சேற்றை மெதுவாகக் கிளறி நீரிஸ் எனப்படும் ஒரு சேற்றுப்புழுவை எடுத்து, அதே ஏரி நீர் நிரப்பிய கண்ணாடிக் கிண்ணத்தில் விடுங்கள். குழாய் நீர் வேண்டாம். (கவனம், அதற்குக் கூரிய தாடைகள் உண்டு.) உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால், முதுகின் நடுவே வாலிலிருந்து தலை நோக்கித் துடித்தோடும் செந்நிறக் கோடு தெரியும். நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன், உடலின் இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும், இரத்த நாளங்கள் நிறைந்த பக்கக்கால்களின் மெல்லிய தோல் வழியாக உட்புகுகிறது. நம் உடலில் சிவப்பணுக்களுக்குள் அடைபட்டிருக்கும், ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின், இப்புழுவில் இரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவிலேயே கரைந்திருக்கிறது. நமது மூலக்கூறில் குளோபின் என்னும் 4 புரதச் சங்கிலிகளே இருக்க, இதில் நூற்றுக்கும் மேற்பட்டவை இணைந்து பேருருவம் கொண்டிருப்பதால், அது நாளச் சுவரைத் தாண்டி எளிதில் கசிவதில்லை. விசிறி போன்ற உணர்கொம்புகளுள்ள சில விசிறிப்புழுக்களில் குளோரோகுரூரின் என்னும் பச்சை நிறமி இருப்பதால் இரத்தம் பச்சையாகத் தெரியும். கிடைத்தால் அதையும் பாருங்கள். பார்த்து முடித்ததும் புழுவை எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.