கல்விக்கடன் வரும்வரை கட்டணத்தைச் சமாளித்தது: என் அனுபவம்

கடன் ஒப்புதல் கடிதம் கையில் இருக்கிறது, பணம்தான் வரவில்லை. கட்டணம் கட்ட இன்னும் ஒன்பது நாள். கிரெடிட் கார்டில் கட்டிவிடலாமா என்றுகூட யோசித்தேன். வட்டியை நினைத்துப் பயந்து, முதலில் பல்கலைக்கழகக் கட்டணப் பிரிவுக்கு நேரில் போனேன். ஒப்புதல் கடிதத்தின் நகலை வைத்து அவகாசம் கேட்டு எழுதிக் கொடுத்ததும், இப்போது ஒரு தவணை மட்டும் கட்டுங்கள், மீதியைக் கடன் வந்ததும் கட்டலாம், அபராதம் இல்லை என்றார்கள். அதை வாய்வார்த்தையாக விடாமல் மின்னஞ்சலில் வாங்கிக்கொண்டேன். இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் இரண்டு வாரம் கழித்து என் பாடப்பதிவை முடக்கியபோது அந்த மின்னஞ்சலைக் காட்டித்தான் திறக்க வைத்தேன்.

அப்புறம், கடன் ஏன் தாமதம் என்று விடாமல் விசாரித்தால், நான் படிப்பில் சேர்ந்துவிட்டேன் என்ற சான்று கடன் தருபவர்களுக்குப் போகவே இல்லை! யாரும் எனக்குச் சொல்லவும் இல்லை. சேர்க்கைப் பிரிவில் நின்று அன்றே அனுப்ப வைத்தேன். பத்தாம் நாள் முழுத்தொகையும் நேராகப் பல்கலைக்கழகக் கணக்குக்கே போய்விட்டது. நான் முன்பே கட்டிய தவணை அங்கே மிகுதியாக நின்றது; தானாகத் திரும்பி வரவில்லை, தனியாக விண்ணப்பித்துத்தான் வாங்கினேன்.