ஒரு நூல் இடைவெளி: ஆட்டோமேட்டிக் பிரிண்டிங் மெஷினில் ஆஃப்-காண்டாக்ட் வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கறுப்பு பீஸில் (பிரிண்ட் ஏற்றும் துணியில்) வெள்ளை பேஸ், அதாவது மற்ற கலர்களுக்கு அடியில் போகும் வெள்ளை இங்க், ஓடிக்கொண்டிருக்கிறது. முதல் நூறு பீஸ் நன்றாக வந்தது. அப்புறம் வெள்ளை சொரசொரவென்று இறங்குகிறது, நடுநடுவே துணி தெரிகிறது. ஆபரேட்டர் உடனே ஸ்குவீஜியின், அதாவது இங்கைத் தள்ளும் ரப்பர் பட்டையின், பிரஷரை ஏற்றுகிறார். இன்னும் மோசமாகிறது. சரி, இரண்டு ஸ்ட்ரோக் அடிப்போம் என்கிறார். துணி தெரிவது நின்றுவிடும், ஆனால் பிரிண்ட் அட்டை மாதிரி விறைத்துப் போகும். திருப்பூரில் ஏதாவது ஒரு பிரிண்டிங் யூனிட்டில் நின்றவர்கள் இதைப் பார்க்காமல் இருந்திருக்க மாட்டார்கள்.

இந்த மாதிரி நேரங்களில் நான் முதலில் பார்ப்பது பிரஷரை அல்ல, ஸ்க்ரீனுக்கும் பீஸுக்கும் நடுவில் இருக்கும் கேப்பை. அதைத்தான் ஆஃப்-காண்டாக்ட் என்கிறோம். ஸ்க்ரீன் என்பது ஃப்ரேமில் இழுத்து ஒட்டிய வலை; அந்த வலைதான் மெஷ். ஸ்க்ரீன் கீழே இறங்கி நிற்கும்போதும் மெஷ் துணியைத் தொடக் கூடாது. ஸ்குவீஜி அழுத்துகிற அந்த ஒரு கோட்டில் மட்டும் மெஷ் துணியைத் தொட வேண்டும். ஸ்குவீஜி நகர்ந்ததும் பின்னாலேயே மெஷ் உரிந்து மேலே வந்துவிட வேண்டும். மெஷ் கண்ணில் இருக்கும் இங்க் துணியில் தங்குவதே இந்த உரிதலில்தான். மெஷ் துணியிலேயே ஒட்டிக்கொண்டு தாமதமாக எழும்பினால், இங்க் பாதி துணியோடும் பாதி மெஷ்ஷோடும் இழுபடும். சொரசொரப்பு அங்கேதான் பிறக்கிறது. அந்த நிலையில் பிரஷரை ஏற்றினால் மெஷ் துணிக்குள் இன்னும் அமுங்குமே தவிர, எழும்பாது.

எவ்வளவு வைக்கலாம்? டி-ஷர்ட் துணிக்குப் பொதுவாக 1.5 முதல் 3 மில்லிமீட்டர். நம் ஊர்க் கணக்கில் அரை நூலிலிருந்து ஒரு நூல் வரை. தச்சரும் கொத்தனாரும் சொல்கிற அதே நூல்தான், அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. ஆனால் இந்த எண்ணை மனப்பாடம் செய்துகொண்டு எல்லா ஜாப்புக்கும் வைப்பதும் ஒரு தவறுதான். மெஷ் பின்னாலேயே உரிகிற மிகக் குறைந்த கேப் எதுவோ, அதுவே அந்த ஸ்க்ரீனுக்குச் சரியான கேப்.

பீஸ் இல்லாமல் அளப்பது

வெறும் பேலட்டின் (பீஸை ஒட்டி வைக்கும் பலகையின்) மேல் ஸ்க்ரீனை இறக்கி, கேப் பார்த்து, திருப்தியாகிவிடுகிறார்கள். மெல்லிய பின்னல் துணியான சிங்கிள் ஜெர்சியில் இது பெரிதாகத் தெரியாது. அதே செட்டிங்கில் அடுத்த நாள் தடித்த ஃப்ளீஸ் பீஸ் ஏற்றினால், வைத்த இடைவெளியில் நல்ல பங்கைத் துணியே சாப்பிட்டுவிடும். ஓடப்போகிற பீஸைப் பேலட்டில் ஒட்டி, துணியின் மேல்மட்டத்திலிருந்து மெஷ்ஷின் அடிப்பக்கம் வரை அளக்க வேண்டும். இதற்குப் பெரிய கருவி வேண்டாம். 2 மில்லிமீட்டர், 3 மில்லிமீட்டர் அக்ரிலிக் ஷீட்டைத் துண்டு துண்டாக வெட்டி மெஷின் பக்கத்தில் வைத்துக்கொண்டால் போதும். ஷீட்டில் எழுதியிருக்கும் தடிமனை நம்பாமல், வெர்னியரில் ஒரு தடவை அளந்து துண்டின் மேலேயே எழுதிவிடுங்கள்.

தளர்ந்த மெஷ்ஷுக்குக் கேப்பை ஏற்றுவது

எல்லாத் தவறுகளிலும் இதுதான் பெரியது என்று நினைக்கிறேன். ஸ்க்ரீன் பழசாகிவிட்டது, மெஷ் தொய்ந்துவிட்டது, உரியவில்லை. உடனே கேப்பை 5, 6 மில்லிமீட்டருக்கு ஏற்றி வேலையை ஓட்டுகிறார்கள். அப்போதைக்கு உரியும். ஆனால் என்ன விலை கொடுக்கிறோம் என்று பாருங்கள்.

ஸ்குவீஜி மெஷ்ஷைத் துணி வரை தள்ளும்போது மெஷ் நீள வேண்டும். கேப் இரண்டு மடங்கானால் மெஷ் நீள்வதும் இரண்டு மடங்குதான் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, ஏறக்குறைய நான்கு மடங்கு. ஸ்குவீஜி ஃப்ரேமின் உள்விளிம்பிலிருந்து 60 மில்லிமீட்டரில் நிற்கிறது என்று வையுங்கள். கேப் 3 மில்லிமீட்டர் என்றால், அந்தச் சின்னப் பக்கத்து மெஷ் சுமார் 0.075 மில்லிமீட்டர் நீள வேண்டும். கேப் 6 மில்லிமீட்டர் என்றால் 0.3 மில்லிமீட்டர். பள்ளிக்கூடத்தில் படித்த செங்கோண முக்கோணக் கணக்குதான், வேறொன்றும் இல்லை. அவ்வளவும் அப்படியே டிசைனில் விலகிவிடாது. ஆனால் ஒரு பங்கு விலகினாலே போதும், மெல்லிய அவுட்லைன் வெளியே வந்து நிற்கும். டிசைனின் நடுவில் ரெஜிஸ்டர் (கலர்கள் ஒன்றோடொன்று பொருந்துவது) சரியாக இருந்து, மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் மட்டும் கலர் விலகினால், மைக்ரோவை (ஸ்க்ரீனை நுணுக்கமாக நகர்த்தும் திருகை) திருகி நேரத்தைக் கழிக்காமல் கேப்பையும் டென்ஷனையும் (மெஷ்ஷின் இழுவிசையையும்) பாருங்கள். ஓரம் வரை டிசைனை நிரப்பி, சின்ன ஃப்ரேமில் ஸ்க்ரீன் போடுவது ஏன் வினை என்பதும் இதே கணக்கில் புரியும்.

அதோடு முடியவில்லை. தினமும் அதிகமாக நீட்டப்படும் மெஷ் இன்னும் தளரும். தளர்ந்ததற்காக மறுபடி கேப் ஏற்றுவீர்கள். ஸ்குவீஜி முனை சீக்கிரம் மழுங்கும், மெஷ்ஷில் டிசைனைச் சுற்றி அடைத்திருக்கும் எமல்ஷன் பூச்சின் ஓரம் உடையும், மெஷ் 'டப்' என்று அடித்து எழும்பும்போது இங்க் புள்ளி புள்ளியாகத் தெறிக்கும். டென்ஷன் மீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள். சென்டிமீட்டருக்கு 25 நியூட்டனில் இழுத்த ஸ்க்ரீன் 18-க்குக் கீழே போனால் நான் அதை நுட்பமான டிசைனுக்கு ஏற்ற மாட்டேன். 15-க்குக் கீழே போனால் மெஷினுக்கே ஏற்ற மாட்டேன். அதை மறுபடி இழுத்து ஒட்டுவதுதான் வழி.

நான்கு மூலையையும் பார்க்காமல் விடுவது

நடுவில் 2 மில்லிமீட்டர் இருக்கிறது, சரி. இடது முன்மூலையில்? ஒரு மூலை பேலட்டைத் தொட்டுக்கொண்டும் எதிர்மூலை 4 மில்லிமீட்டரிலும் இருந்தால், அந்த ஸ்க்ரீனுக்கு எந்தக் கேப்பும் சரியாக வராது. எந்தப் பேலட்டைப் பார்ப்பது, எந்த ஹெட்டை (ஒரு கலரின் ஸ்க்ரீனும் ஸ்குவீஜியும் இருக்கும் பகுதியை) பார்ப்பது என்று குழப்பம் வரும். அதற்கு ஓர் எளிய வழி இருக்கிறது. ஓடி முடிந்த பீஸ்களை வரிசை மாறாமல் பரப்பி வையுங்கள். 12 பேலட் மெஷினில் ஒவ்வொரு பன்னிரண்டாவது பீஸிலும் அதே கோளாறு வந்தால் பேலட்தான் காரணம். எல்லாப் பீஸிலும் அதே இடத்தில் வந்தால் அந்தக் கலரின் ஹெட் அல்லது ஸ்க்ரீன்.

லெவல் பார்க்கும்போதும் இதே முறைதான். ஒரு ஹெட்டை வைத்துக்கொண்டு எல்லாப் பேலட்டையும் சரிசெய்யுங்கள். அது முடிந்த பிறகு, ஒரே பேலட்டை ஒவ்வொரு ஹெட்டின் கீழும் கொண்டுபோய் ஹெட்டைச் சரிசெய்யுங்கள். இரண்டையும் கலந்து செய்தால் இரவு வரை திருகிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அதற்கு முன்னால் பேலட்டைச் சுரண்டிச் சுத்தம் செய்வது கட்டாயம். கம்மின் மேல் பஞ்சு படிந்து, அதன் மேல் மறுபடி கம் தடவி, ஒரு வாரத்தில் பேலட்டின் மேல் ஒரு மெத்தையே உருவாகியிருக்கும். ஃப்ரேமையும் மறந்துவிடாதீர்கள். தட்டையான கண்ணாடி மேசையில் வைத்து மூலையைத் தட்டினால், முறுக்கிய ஃப்ரேம் 'டக் டக்' என்று ஆடிக் காட்டிக்கொடுத்துவிடும்.

ரெஜிஸ்டர் பிடித்த பிறகு கேப்பைத் தொடுவது

கேப் மாறினால் மெஷ் நீள்வது மாறும், டிசைன் விழும் இடமும் மாறும். ஆறு கலரையும் அரை மணி நேரம் போராடிச் சேர்த்துவிட்டு, மூன்றாவது ஹெட்டில் மட்டும் கேப்பை ஏற்றினால், அந்தக் கலருக்குத் திரும்பவும் முதலிலிருந்து. முதலில் லெவல், பிறகு கேப், அப்புறம் ஸ்குவீஜி பிரஷரும் ஆங்கிளும், கடைசியில்தான் ரெஜிஸ்டர். கேப்பைத் தொட்டால் பிரஷரையும் மறுபடி பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எல்லா ஹெட்டுக்கும் ஒரே கேப்

வெள்ளை பேஸ் அடித்து ஃப்ளாஷில் (நடுவில் இங்கைக் காயவைக்கும் ஹீட்டரில்) காய்ந்த பிறகு, அடுத்த ஸ்க்ரீன் பார்ப்பது துணியை அல்ல, இங்க் படலத்தை. இங்க் தடித்து எழும்பி நிற்கும் ஹை டென்சிட்டி, பஃப் மாதிரி வேலைகளில் அந்த மேடு இன்னும் உயரம். பின்னால் வரும் ஹெட்டுகளுக்கு ஒரு சொட்டு கூடுதலாக வைக்க வேண்டியிருக்கும். ஃப்ளாஷ் இல்லாமல் ஈரத்தின் மேல் ஈரமாக அடிக்கும்போது கேப் குறைந்தால், பின்வரும் ஸ்க்ரீனின் அடியில் முந்தைய கலர் ஒட்டி, அடுத்த பீஸில் அப்பும்.

மெதுவாக ஓட்டிப் பார்த்து முடிவு செய்வது

சாம்பிள் மெதுவாக அடிக்கிறோம், மெஷ் அழகாக உரிகிறது. புரொடக்ஷனில் ஸ்ட்ரோக் வேகம் ஏறியதும் மெஷ் பின்தங்குகிறது, ஏனென்றால் அது உரிய எடுத்துக்கொள்ளும் நேரம் அதேதான். ஆகவே ஓடப்போகிற வேகத்திலேயே பாருங்கள். கைகளை மெஷினுக்கு வெளியே வைத்துக்கொண்டு, பக்கவாட்டில் நின்று, மெஷ் மேல் டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடியுங்கள். உரிகிற இடம் ஒரு கோடாக மினுங்கும். அந்தக் கோடு ஸ்குவீஜிக்குப் பின்னால் ஒட்டினாற்போல், இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நேராக வர வேண்டும். ஒரு பக்கம் பின்தங்கினால் லெவல் கோளாறு. மொத்தமாகப் பின்தங்கினால் கேப்பைக் கால் மில்லிமீட்டர், கால் மில்லிமீட்டராக ஏற்றுங்கள். கோடு ஸ்குவீஜியை ஒட்டி வந்ததும் நிறுத்திவிட்டு, பிரஷரைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். இங்க் சரியாக இறங்கிக்கொண்டிருக்கும் வரை குறைக்கலாம். கிடைத்த கேப்பையும் அன்றைய டென்ஷனையும் தேதியோடு மார்க்கரில் ஃப்ரேமின் ஓரத்தில் எழுதிவிட்டால், ரிப்பீட் ஆர்டர் வரும்போது நைட் ஷிப்ட் ஆபரேட்டர் யாரையும் எழுப்பிக் கேட்க வேண்டியிருக்காது.