உண்ணும் கோளாறில் செரோடோனின் பெட் ஸ்கேன்: ஆய்வை அமைப்பது எப்படி

செரோடோனின் மூளைச் செல்களுக்கிடையே செய்தி கொண்டுபோகும் வேதிப்பொருள். பெட் ஸ்கேன் அதைப் படம் பிடிப்பதில்லை. செரோடோனின் போய் ஒட்டும் ஏற்பிகளிலோ, அதைத் திரும்ப உள்ளே இழுக்கும் புரதத்திலோ நாம் செலுத்திய ட்ரேசர், அதாவது கதிரியக்கம் ஏற்றிய தடங்காட்டிப் பொருள், எவ்வளவு ஒட்டியது என்பதைத்தான் அது காட்டுகிறது. திரையில் மஞ்சளாக மின்னும் இடத்தைக் காட்டி "இங்கே செரோடோனின் அதிகம்" என்று சொல்லிவிட்டால் ஆய்வு அங்கேயே கோணலாகிவிடும். அனோரெக்ஸியா (உணவைக் கடுமையாகக் குறைத்து எடை இழக்கும் கோளாறு), புலிமியா (அளவுமீறி உண்டு வாந்தி எடுக்கும் கோளாறு) உள்ளவர்களிடம் இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பட்டினி கிடந்த மூளை சுருங்கும், ஹார்மோன் மாறும், செரோடோனின் உருவாகத் தேவையான டிரிப்டோஃபான் குறையும். இவை ஒவ்வொன்றும் ஸ்கேனில் ஒரு வேறுபாடாகத் தெரியக்கூடும். அது நோயின் தடமா, பட்டினியின் தடமா என்று பிரித்துப் பார்க்கத்தான் கீழே சொல்லும் எல்லா ஏற்பாடும்.

முதலில் கேள்வி, பிறகு ட்ரேசர்

எந்த ட்ரேசர் கைக்குக் கிடைக்கிறது என்று பார்த்து ஆய்வைத் தொடங்க வேண்டாம். எதைக் கேட்கிறோம் என்பதை வைத்துத் தேர்வு செய்யுங்கள்.

பதற்றமும் தீங்கை அஞ்சி ஒதுங்கும் குணமும்தான் கேள்வி என்றால், 5-எச்டி1ஏ ஏற்பியைப் பாருங்கள். அதற்கு கார்பன்-11 ஏற்றிய வே-100635. இந்த ஏற்பி நடுமூளையின் ராஃபே கருக்களில் செரோடோனின் சுரப்பை அடக்கும் பிரேக்காக இருக்கிறது. ஹிப்போகாம்பஸிலும் புறணியிலும் செய்தியை வாங்கும் முனையாக இருக்கிறது. ஒரே ட்ரேசர் இரண்டையும் காட்டினாலும் பொருள் வேறு என்பதால், இரண்டையும் ஒரே சராசரியில் கலக்கக் கூடாது. 5-எச்டி2ஏ ஏற்பிக்கு ஃபுளோரின்-18 ஏற்றிய அல்டான்செரின் பழகிய ட்ரேசர். செரோடோனினைத் திரும்ப உள்ளே இழுக்கும் புரதமான டிரான்ஸ்போர்ட்டருக்கு டாஸ்ப் என்ற ட்ரேசரை எடுங்கள். அதற்கு முன் புழங்கிய மெக்நீல்-5652 மூளையை விட்டு மெதுவாக வெளியேறும், இலக்கல்லாத இடங்களில் ஒட்டுவதும் அதிகம்.

பெட் வசதி இல்லாத இடங்களில் அயோடின்-123 ஏற்றிய பீட்டா-சிஐடியை வைத்து ஸ்பெக்ட் (பெட்டைப் போன்ற இன்னொரு கதிரியக்க ஸ்கேன்) எடுத்திருக்கிறார்கள். அது டோபமின் டிரான்ஸ்போர்ட்டரிலும் ஒட்டும். அதனால் செரோடோனினுக்கு நடுமூளையையும் தலாமஸையும் மட்டும் நம்புங்கள். மூளையின் உட்பகுதியான ஸ்ட்ரையாட்டத்தில் தெரிவது பெரும்பாலும் டோபமின் பக்கத்துக் கணக்கு. அயோடின் என்பதால் தைராய்டைக் காக்க முன்கூட்டியே பொட்டாசியம் அயோடைடு கொடுக்க மறக்காதீர்கள்.

செரோடோனின் வெளியேறும் அளவையே அளக்க வேண்டுமா? மேலே சொன்னவை அதற்குச் சரிவராது. சிம்பி-36 போன்ற, ஏற்பியைத் தூண்டும் வகை ட்ரேசரை வைத்து, செரோடோனினை வெளியேற்றும் மருந்துக்கு முன்னும் பின்னும் இரண்டு ஸ்கேன் எடுக்க வேண்டும். இதயத் துடிப்பு ஏற்கெனவே தடுமாறும் எடைகுறைந்த நோயாளிக்கு அந்த மருந்தைக் கொடுப்பதை நாம் பரிந்துரைக்க மாட்டோம்.

யாரைச் சேர்ப்பது

ஆய்வின் தலையெழுத்து இங்கேதான். பிட்ஸ்பர்க்கில் வால்டர் கே, கைடோ ஃபிராங்க், உர்சுலா பெய்லர் ஆகியோர் 2000-களில் செய்த ஆய்வுகள் பெரும்பாலும் குணமானவர்களை வைத்தே நடந்தன. குறைந்தது ஒரு வருடமாக எடை சீராக, மாதவிடாய் ஒழுங்காக, அதீத உணவோ வாந்தியோ கட்டுப்பாடோ இல்லாமல், மனநல மருந்தும் இல்லாமல் இருப்பவர்கள். பட்டினி விலகிய பிறகும் ஒரு வேறுபாடு நிற்கிறதென்றால், அதைப் பட்டினியின் தலையில் கட்ட முடியாது. ஆனால் அது நோய்க்கு முன்பே இருந்த குணமா, நோய் விட்டுச்சென்ற தழும்பா என்பது இதிலும் தெரியாது. நோயில் இருப்பவர்களையும் சேர்த்தால் தனிக் குழுவாக வையுங்கள்.

கட்டுப்பாடு மட்டும் உள்ள அனோரெக்ஸியாவையும், அதீத உணவு-வாந்தி உள்ள அனோரெக்ஸியாவையும் ஒன்றாகக் கொட்டாதீர்கள். 2005-இல் வந்த பெய்லர் குழுவின் முடிவே இதற்குச் சாட்சி: குணமானவர்களில் புலிமியா வகையினருக்கு 5-எச்டி1ஏ பிணைப்பு (ட்ரேசர் ஒட்டிய அளவு) கூடியிருந்தது, கட்டுப்பாட்டு வகையினருக்குக் கூடவில்லை. கலந்திருந்தால் ஒன்றும் இல்லை என்ற பொய்யான சராசரிதான் மிஞ்சியிருக்கும்.

எல்லோரையும் மாதவிடாயின் முதல் பத்து நாட்களுக்குள் ஸ்கேன் செய்யுங்கள். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன் ஏற்ற இறக்கம் 5-எச்டி2ஏ ஏற்பியைப் பாதிக்கிறது. மாதவிடாய் நின்றுபோனவரிடம் இந்த நாள்கணக்கு செல்லாது, எஸ்ட்ராடியோல் அளவை எடுத்துக் குறித்து வையுங்கள். மாதவிடாய் இல்லை என்பதால் கர்ப்பப் பரிசோதனையை விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

வயதையும் பொருத்துங்கள். 5-எச்டி2ஏ வயதோடு நன்றாகவே குறைகிறது. டாஸ்ப் பிணைப்பு பருவத்தோடு மாறுவதை டொராண்டோவில் கண்டிருக்கிறார்கள். நோயாளிகளை எல்லாம் குளிர்காலத்திலும் ஒப்பீட்டுக் குழுவைக் கோடையிலும் எடுத்துவிட்டால், நீங்கள் அளப்பது பருவத்தை. மாற்றி மாற்றி நாள் கொடுங்கள்.

மருந்து நின்று எத்தனை நாள் என்பதும் முக்கியம். மனச்சோர்வு மருந்தான ஃபுளுயோக்ஸெட்டினும் அது உடலில் மாறி உருவாகும் நார்ஃபுளுயோக்ஸெட்டினும் வாரக்கணக்கில் தங்கும். ஐந்து வாரத்துக்குக் குறையக் கூடாது. வழக்கமான சிகிச்சை அளவில் ஃபுளுயோக்ஸெட்டின் போன்ற எஸ்எஸ்ஆர்ஐ மருந்துகள் டிரான்ஸ்போர்ட்டரில் ஏறத்தாழ 80 சதவீதத்தை மறைக்கின்றன, ஆகவே மிச்சசொச்சம்கூட டாஸ்ப் எண்ணைக் கெடுக்கும். ஆனால் ஆய்வுக்காக யாருடைய மருந்தையும் நிறுத்தச் சொல்லாதீர்கள். ஏற்கெனவே மருந்தில்லாமல் இருப்பவரைத் தேடுங்கள், அதற்கு ஒரு வருடம் கூடுதலாக ஆனாலும் சரி.

ஸ்கேன் நாள்

காலையில் முதல் வேலை ஈசிஜி, பொட்டாசியம், இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின். வாந்தி எடுப்பவரிடம் பொட்டாசியம் சரிந்திருந்தால் அன்று ஸ்கேன் கிடையாது, மருத்துவரிடம் அனுப்புங்கள். எடை பார்க்கும்போது தராசுக்கு முதுகைக் காட்டி நிற்கச் சொல்லுங்கள், எண்ணை வாய்விட்டுப் படிக்காதீர்கள். அந்த ஒரு எண் அவருடைய அன்றைய சாப்பாட்டையே நிறுத்திவிடலாம்.

வெறும் வயிற்றில் வரச் சொல்லும் பழக்கம் சர்க்கரை ட்ரேசரான எஃப்டிஜி ஸ்கேனிலிருந்து வந்தது. இந்த ட்ரேசர்களுக்கு அது தேவையில்லை. மாவுச்சத்து உணவு இன்சுலினைத் தூண்டி, மூளைக்குள் நுழையப் போட்டியிடும் மற்ற அமினோ அமிலங்களைக் குறைத்து, டிரிப்டோஃபானுக்கு வழி விடுகிறது. ஆகவே முந்தைய இரவும் காலையும் எல்லோருக்கும் ஒரே அளவு, ஒரே நேர உணவு கொடுத்து, உண்டதைப் பக்கத்தில் இருந்து பாருங்கள். பட்டினி இருக்கச் சொல்லாமல் இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: இந்த நோய்க்காரரிடம் "சாப்பிடாமல் வா" என்று ஒரு மருத்துவமனை சொல்லக் கூடாது.

இரத்தத்தில் ட்ரேசர் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கத் தமனி இரத்தம் எடுக்கப் போகிறீர்கள் என்றால், மணிக்கட்டில் குழாய் போடும் முன் ஆலன் சோதனை. இரண்டு தமனிகளையும் அழுத்தி, கையை மூடித் திறக்கச் சொல்லி, உள்ளங்கை வெளுத்ததும் சுண்டுவிரல் பக்கத்து அல்னார் தமனியை மட்டும் விட வேண்டும். சில விநாடிகளில் சிவப்பு திரும்பினால் சரி. அனோரெக்ஸியாவில் கை தொடும்போதே சில்லென்று, நகக்கண் நீலம் பாய்ந்து இருக்கும். நிறம் திரும்புவதே கண்ணுக்குத் தெரியாது. பத்து நிமிடம் வெதுவெதுப்பான துணியில் கையைச் சுற்றி வைத்துவிட்டு அப்புறம் சோதியுங்கள். குளிரில் சுருங்கிய தமனியில் ஊசியைத் தேடிக் குத்துவதும் இதனால் தவிர்க்கப்படும்.

படுக்கையில் 90 நிமிடம் அசையாமல் இருக்க வேண்டும். கொழுப்பில்லாத உடம்புக்கு வால் எலும்பும் பின்னந்தலையும் இருபதாவது நிமிடத்திலேயே வலிக்கத் தொடங்கும். வலித்தால் மெல்ல நகர்வார். நகர்ந்தால் படம் போச்சு. இடுப்பு, குதிகால், தோள்பட்டைக்கு அடியில் ஜெல் மெத்தை, மேலே இரண்டு போர்வை, முன்னதாகச் சிறுநீர் கழிக்கச் சொல்வது, தலைக்கு அச்சு முகமூடி. இந்த நாலும் கணினியில் பிறகு செய்யும் எந்த அசைவுத் திருத்தத்தைவிடவும் மேல்.

ஊசி: அளவும் நேரமும்

கார்பன்-11-இன் அரைவாழ்வு 20.4 நிமிடம். 90 நிமிட முடிவில் கதிரியக்கம் ஏறக்குறைய 5 சதவீதம்தான் மிஞ்சும், கடைசிப் படச் சட்டங்கள் இரைச்சலாக இருப்பது அதனால்தான். ஃபுளோரின்-18-க்கு 110 நிமிடம்; அதே நேரத்தில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கும்.

இங்கே பலரும் கோட்டைவிடும் ஒரு கணக்கு, ட்ரேசரின் எடை. கதிரியக்கம் உள்ள மூலக்கூறுகளோடு கதிரியக்கம் இல்லாத அதே மூலக்கூறுகளும் சேர்ந்தே போகின்றன. ஒரு மைக்ரோமோலுக்கு 37 கிகாபெக்கரல் கதிரியக்கம் இருக்கும் மருந்தில் 555 மெகாபெக்கரல் எடுத்தால் 15 நானோமோல். வே-100635-க்கு அது சுமார் 6 மைக்ரோகிராம். கதிரியக்கம் உண்டாக்கும் சைக்ளோட்ரான் அறையிலிருந்து வந்த பிறகு தமனிக் குழாய் சரியாக விழாமல் 40 நிமிடம் தாமதமானால், அதே 555-ஐ எடுக்க நாலு மடங்கு மருந்து தேவைப்படும். அது அந்த ஏற்பிகளைத் தானே அடைத்துக்கொண்டு பிணைப்பைக் குறைத்துக் காட்டும். 42 கிலோ உடம்பில் இதன் அடர்த்தி 60 கிலோ உடம்பில் இருப்பதைவிடக் கூடுதல். ஆக, நோயாளிக் குழுவில் மட்டும் பிணைப்பு குறைந்ததுபோல் ஒரு முடிவு வந்து நிற்கும். எடை கிலோவுக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று உச்சவரம்பை ஆய்வுத் திட்டத்தில் எழுதி வையுங்கள்; தாண்டினால் அன்றைய ஊசி ரத்து. குழாய் போட்டு முடித்த பிறகே மருந்து தயாரிக்கச் சொல்லுங்கள்.

அல்டான்செரினுக்குத் தனிக் குறை ஒன்று உண்டு. உடலில் அது சிதைந்து உருவாகும் கதிரியக்கப் பொருள்கள் சில மூளைக்குள்ளும் நுழைந்து பின்னணியை ஏற்றிவிடுகின்றன. ஊசியோடு தொடர் சொட்டும் கொடுத்துச் சமநிலையில் அளப்பது ஒரு வழி. ஒரே ஊசியில் எடுத்தால், எச்.பி.எல்.சி. என்ற வேதிப் பிரிப்புக் கருவியில் சிதைவுப் பொருள்களைப் பிரித்தளந்து, தமனி இரத்தத்தில் ட்ரேசர் ஏறி இறங்கும் கோட்டைத் திருத்த வேண்டும்.

எண்ணாக மாற்றுவது

எஃப்டிஜி பழக்கத்தில் எஸ்.யு.வி. (செலுத்திய அளவுக்கும் எடைக்கும் ஏற்பக் கணக்கிடும் உறிஞ்சல் எண்) போடாதீர்கள். அது உடல் எடையால் பெருக்கும் எண்; எடையே நோயின் அடையாளமாக இருக்கும் குழுவில் அது ஒப்பீட்டைக் கெடுக்கும். பிணைப்புத் திறனைக் கணக்கிடுங்கள்: இலக்குப் பகுதியின் பரவல் அளவை (இரத்தத்தோடு ஒப்பிட அங்கே ட்ரேசர் எவ்வளவு சேர்ந்தது என்பதை) ஒப்பீட்டுப் பகுதியின் பரவல் அளவால் வகுத்து, ஒன்றைக் கழிக்க வேண்டும். ஒப்பீட்டுப் பகுதி, அதாவது ட்ரேசர் ஒட்டும் இலக்கு ஏறக்குறைய இல்லாத இடம், சிறுமூளையின் சாம்பல் பொருள்; நடுவிலுள்ள வெர்மிஸை விட்டுவிடுங்கள், அங்கே ஏற்பியும் டிரான்ஸ்போர்ட்டரும் கொஞ்சம் உண்டு.

இது எவ்வளவு எளிதில் கவிழும் என்று ஒரு மாதிரிக் கணக்கில் பாருங்கள். ஹிப்போகாம்பஸ் 3.0, சிறுமூளை 0.6 என்றால் பிணைப்புத் திறன் 4. சிறுமூளையைத் தவறாக 0.5 என்று அளந்தால் 5 ஆகிவிடும். பின்னத்தின் கீழே 0.1 சறுக்கினால் மேலே 25 சதவீத "அதிகரிப்பு". மாறாக, சுருங்கிய ஹிப்போகாம்பஸில் நீங்கள் வரைந்த எல்லைக்குள் ஐந்தில் ஒரு பங்கு மூளைத்தண்டுவட நீர் புகுந்திருந்தால் 3.0 என்பது 2.4 ஆகும், பிணைப்புத் திறன் 3-க்கு இறங்கும். நோயில்லாத ஒரு வேறுபாட்டை இரண்டு பக்கமும் இப்படி உண்டாக்கலாம். ஆகவே அதே வாரத்தில் எம்.ஆர்.ஐ. எடுத்து, பகுதிக் கலப்புத் திருத்தம் (எல்லைக்குள் புகுந்த நீரின் பங்கைச் சரிக்கட்டுவது) செய்து, திருத்தத்துக்கு முன், பின் இரண்டு எண்களையும் வெளியிடுங்கள். சிறுமூளையின் பரவல் அளவு இரு குழுவிலும் ஒன்றுதானா என்பதைத் தமனி இரத்தத்தை வைத்துத் தனியாகச் சரிபாருங்கள். இதற்காகத்தான் அந்தக் கையில் அவ்வளவு சிரமப்பட்டுக் குழாய் போட்டோம்.

ராஃபே சில மில்லிமீட்டர் அளவுதான். சாதாரண எம்.ஆர்.ஐ.யில் அதன் எல்லை தெரியாது, பெட் படச் சட்டங்களைக் கூட்டிய படத்தில்தான் வரைய வேண்டும். வரைபவருக்கு யார் நோயாளி என்று தெரியக் கூடாது.

முடிவைப் படிப்பது

2007-இல் வந்த பெய்லர் குழுவின் ஆய்வில், நோயில் இருந்த அனோரெக்ஸியா பெண்களுக்கு 5-எச்டி1ஏ கூடியிருந்தது, 5-எச்டி2ஏ இயல்பாக இருந்தது. அதற்கு முந்தைய ஆய்வுகளில் குணமானவர்களிடம் 5-எச்டி2ஏ சில பகுதிகளில் குறைந்திருந்தது. பெல்ஜியத்தில் ஸ்பெக்ட் வைத்து, நோயில் இருந்தவர்களிடமே 5-எச்டி2ஏ குறைவு என்று கண்டார்கள். முரண்போலத் தோன்றும், ஆனால் கருவி வேறு, ட்ரேசர் வேறு, திருத்தம் வேறு, குழுக்களும் சிறியவை. பிணைப்பு கூடினால் ஏற்பிகள் பெருகியிருக்கலாம், அல்லது செரோடோனின் குறைந்து இடம் காலியாக இருக்கலாம். ஒரு ஸ்கேன் இரண்டையும் பிரிக்காது. முதுகுத் தண்டுவட நீரில் செரோடோனினின் சிதைவுப் பொருளான 5-எச்ஐஏஏ, நோயில் குறைந்தும் குணமான பின் கூடியும் இருந்ததைக் கே குழு 1991-இலேயே சொன்னது. அப்படி வேறொரு அளவையும் பக்கத்தில் வையுங்கள்.

ஸ்கேன் முடிந்ததும் உடனே எழுப்பாதீர்கள். கால்களைத் தொங்கவிட்டு ஐந்து நிமிடம் உட்கார வைத்து இரத்த அழுத்தம் பாருங்கள், மயங்கி விழுவது இந்த நேரத்தில்தான். அப்போது அநேகமாக அவர் கேட்பார்: "எனக்கு செரோடோனின் கம்மியா?" அதற்கு இப்படிச் சொல்லுங்கள்: "இந்த ஸ்கேன் அதை அளக்காதும்மா. உங்களுடையதையும் இன்னும் பலருடையதையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஏதாவது தெரியும். உங்கள் சிகிச்சை இதை வைத்து மாறாது." சொல்லிவிட்டு, மதியச் சாப்பாடு நேரத்துக்கு வந்துவிட்டதா என்று பாருங்கள்.