பிளஸ் டூ கணக்கு போய்விட்டதா? ரிசல்ட் இரவிலிருந்து துணைத் தேர்வு வரை

ரிசல்ட் வந்த அன்று செய்ய வேண்டியது கொஞ்சம்தான். சாப்பிடுங்கள், வீட்டில் யாராவது ஒருவர் பக்கத்தில் உட்காருங்கள், தூங்குங்கள். "இனிப் படிக்கவே மாட்டேன்", "வேலைக்குப் போகிறேன்" என்ற எந்த முடிவையும் அன்றைக்கு எடுக்க வேண்டாம். வகுப்பு வாட்ஸ்அப் குழுவை இரண்டு நாள் மியூட் செய்துவிடுங்கள்.

அழுகை வந்தால் அழலாம். கதவைத் தாழிட்டுக்கொண்டு தனியாக மட்டும் இருக்காதீர்கள். பெற்றோரே, அன்றிரவு பிள்ளையோடு ஒரே அறையில் படுங்கள். டியூஷனுக்குக் கட்டிய பணத்தைப் பற்றியும் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மார்க்கைப் பற்றியும் பேசாதீர்கள். "செத்துப் போகலாம்" என்ற நினைப்பு ஒரே ஒருமுறை வந்தாலும் அதை ஒரு பெரியவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, தமிழ்நாட்டில் 104. இரண்டிலும் கட்டணமின்றி எந்நேரமும் தமிழில் பேசலாம்.

உறவினர்கள் போன் செய்வார்கள். பதிலை முன்பே தயார் செய்துகொள்ளுங்கள்: "கணக்கு போயிடுச்சு அத்தை, ஜூன்ல எழுதுறேன்." இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பாஸ் என்று பொய் சொன்னால், படிக்க வேண்டிய வாரங்களெல்லாம் அதைக் காப்பாற்றுவதிலேயே போய்விடும்.

மூன்றாம் நாள் மார்க்கைப் பிரித்துப் பாருங்கள். கணக்கில் எழுத்துத் தேர்வு 90, அக மதிப்பீடு 10. தேர்ச்சிக்கு மொத்தம் 35 வேண்டும். அதில் எழுத்தில் மட்டும் 25 இருந்தாக வேண்டும். அக மதிப்பீட்டில் முழுதாகப் பத்தும் வைத்திருப்பவர் எழுத்தில் 18 வாங்கியிருந்தால், குறைவது 7 மார்க். "எனக்குக் கணக்கே வராது" என்பதும் "எனக்கு 7 மார்க் குறைகிறது" என்பதும் ஒன்றல்ல. இரண்டாவதைத் தாளில் எழுதி மேசைக்கு மேல் ஒட்டுங்கள்.

அடுத்து, பள்ளி வழியாக விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பியுங்கள். நகல் வாங்கியவர்தான் மறுகூட்டலோ மறுமதிப்பீடோ கேட்க முடியும். கூட்டலில் பிழை தெரிந்தால் மறுகூட்டல். சரியாக எழுதிய விடைக்கு மார்க் குறைந்திருப்பதாகக் கணக்கு ஆசிரியரும் சொன்னால் மறுமதிப்பீடு. அதில் மார்க் இறங்கவும் கூடும். பலர் சறுக்குவது இங்கேதான்: மறுமதிப்பீட்டில் பாஸாகிவிடுவோம் என்று நம்பிப் புத்தகத்தைத் தொடாமல் இருப்பார்கள், ஜூனில் நடக்கும் துணைத் தேர்வுக்கான விண்ணப்பத் தேதியும் கடந்துவிடும். இரண்டுக்கும் சேர்த்தே விண்ணப்பியுங்கள். தேதி தவறினால் கூடுதல் கட்டணத்தோடு தக்கல் முறை உண்டு. அதை நம்பி இருக்காதீர்கள்.

நகல் கையில் இருக்கும்போதே, போன மார்க் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு குறி போடுங்கள்: படிக்காதது, படித்தும் மறந்தது, தெரிந்தும் தவறாகப் போட்டது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. படிக்காததை இனி படிக்க வேண்டும். மறந்ததைப் புத்தகத்தை மூடி வைத்து எழுதிப் பார்க்க வேண்டும். தெரிந்தும் தவறாகப் போட்டதற்கு, ஒவ்வொரு வரி முடிந்ததும் பிளஸ், மைனஸைச் சரிபார்க்கும் பழக்கம் போதும்.

கையில் சுமார் ஏழு வாரம் இருக்கும். 2024-இல் மே 6 ரிசல்ட், ஜூன் 24 துணைத் தேர்வு தொடக்கம். 2025-இல் மே 8, ஜூன் 25. பன்னிரண்டு பாடங்களையும் முதலிலிருந்து படிக்கக் கிளம்பினால் நான்காம் பாடத்திலேயே களைத்துவிடுவீர்கள். முதல் இரண்டு வாரம் புத்தகத்தின் ஒரு மார்க் வினாக்கள் மட்டும், நாளுக்கு இருபது. வினாத்தாளில் இவை 20 மார்க். ஆப்ஷன் எழுத்தை மனப்பாடம் செய்யாதீர்கள், வரிசை மாறி வரலாம். அடுத்த மூன்று வாரம் அணிகள், கலப்பு எண்கள், தனிநிலைக் கணிதம் மூன்றையும் ஆழமாகப் போடுங்கள். தனிநிலைக் கணிதத்தின் மெய்மை அட்டவணைகள் (T, F போட்டு நிரப்பும் கட்டங்கள்) படிகள் மாறாதவை; பயந்தவர்களுக்கு முதல் தைரியம் அங்கேதான் வரும். கைடைத் திறந்து வைத்துப் பார்த்துப் போட்ட கணக்கைப் போட்டதாக எண்ணாதீர்கள்.

கடைசி இரண்டு வாரத்தில் நான்கு பழைய வினாத்தாள்களை, கடிகாரம் வைத்து மூன்று மணி நேரம் முழுதாக எழுதுங்கள். 2 மார்க், 3 மார்க் பகுதிகளில் பத்துக்கு ஏழு எழுதினால் போதும். ஆனால் 30-ஆம், 40-ஆம் வினாக்கள் கட்டாயம். விடை வராவிட்டாலும் சூத்திரத்தையும் தெரிந்த படிகளையும் எழுதுங்கள், படிகளுக்கும் மார்க் உண்டு.

இன்ஜினியரிங் சேர நினைத்தால், துணைத் தேர்வில் பாஸானவர்களுக்குத் துணைக் கலந்தாய்வு நடக்கும். சாதிச் சான்றிதழையும் மாற்றுச் சான்றிதழையும் ஜூனிலேயே வாங்கி வையுங்கள். விண்ணப்பிக்கத் தரும் நாள்கள் மிகக் குறைவு.